கொழும்பு 7 முதல் கென்சிங்டன் வரை: விலை உயர்ந்த தெருவில் காசு எதற்குப் போகிறது?

வெள்ளவத்தையான்:

கொழும்பில் சொகுசுத் தொடர்மாடி வாங்கலாமா என்று கேட்டு வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. மொட்டைமாடியில் நீச்சல் தடாகம், அதற்கு அப்பால் கடல், சமையலறையில் இத்தாலியக் கல், கீழே விலை டொலரில். "லண்டனில் இந்தக் காசுக்கு ஒரு கராஜ்கூட வராது" என்று விற்பவர் சொன்னாராம். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வாங்குபவருக்கு அந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை என்பதுதான் என் வாதம். அங்கே அந்த விலை எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம், அப்புறம் கொழும்புக்கு வருவோம்.

லண்டனில் கென்சிங்டன் பலஸ் கார்டன்ஸ் என்ற தெரு. அரண்மனையின் காய்கறித் தோட்டமாக இருந்த நிலத்தை 1840களில் வீடு கட்டக் கொடுத்தார்கள். சுமார் அரை மைல் நீளம், இரு முனையிலும் காவல், உள்ளே தூதுவர் இல்லங்களும் பெரும் பணக்காரர் வீடுகளும். 2004இல் உருக்குத் தொழிலதிபர் லக்ஷ்மி மிட்டல் அங்கே ஒரு வீட்டைச் சுமார் 57 மில்லியன் பவுணுக்கு வாங்கியது உலகச் செய்தியாக இருந்தது. ஆனால் தெருவின் நிலம் இன்றைக்கும் முடியரசின் சொத்துகளைப் பார்க்கும் கிரவுண் எஸ்டேட்டுடையது, வாங்குகிறவர்கள் நீண்டகாலக் குத்தகையைத்தான் வாங்குகிறார்கள். மேஃபெயார், பெல்கிரேவியா பக்கம் போனால் நிலம் குரோவ்னர் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில். 1677இல் நடந்த ஒரு கல்யாணத்தில் மணப்பெண் கொண்டுவந்த வயலும் சதுப்பும்தான் இன்று உலகின் மிக விலையுயர்ந்த நிலங்களில் சில. நூற்றாண்டுக்கணக்காக ஒரே கையில் நிலம் இருந்ததால் எவரும் தன் பாட்டுக்கு முன்சுவரை இடித்துப் பத்து மாடி எழுப்பவில்லை.

சிங்கப்பூரில் இது இன்னும் வெளிப்படை. நாசிம் வீதிப் பகுதி உட்பட 39 இடங்களை 'குட் கிளாஸ் பங்களோ' பகுதிகள் என்று அரசே குறித்திருக்கிறது. காணி குறைந்தது 1,400 சதுர மீட்டர் இருக்க வேண்டும், நம் கணக்கில் சுமார் 55 பேர்ச். இரண்டு மாடிக்கு மேல் போக முடியாது, பொதுவாகச் சிங்கப்பூர்ப் பிரஜைகள் மட்டும்தான் வாங்கலாம். ஹொங்கொங்கின் பீக் மலையில் கதை இன்னும் கசப்பு. 1904இல் போட்ட சட்டத்தால் சீனர்கள் அந்த மலையில் குடியிருக்க முடியாமல் இருந்தது, 1946இல்தான் அதை நீக்கினார்கள். இன்று அந்தத் தடை இல்லை, ஆனால் மலையில் இடமும் இல்லை. அங்கே மவுண்ட் நிக்கல்சன் குடியிருப்பில் 2021இல் 4,500 சதுர அடி வீடு ஒன்று 639.8 மில்லியன் ஹொங்கொங் டொலருக்குப் போனது. அதே வருடம் அங்கே ஒரு கார் நிறுத்தும் இடம் மட்டும் 10.2 மில்லியன் ஹொங்கொங் டொலருக்கு விற்றது.

இந்த ஊர்களில் வாங்குகிறவர் பெரும்பகுதிக் காசைக் கொடுப்பது, பக்கத்துக் காணியில் நாளைக்கு என்ன நடக்காது என்பதற்காக. கல்லும் தடாகமும் எங்கேயும் போடலாம். கொழும்பில் அந்தப் பாதுகாப்பு எந்தத் தெருவில் இருக்கிறது? வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கடல் தெரியும் என்று வாங்கிய எத்தனையோ பேர், முன்னால் அடுத்த கட்டடம் எழும்பியதும் அடுத்தவர் குளியலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். விற்ற நாளில் கடல் தெரிந்தது உண்மை. தொடர்ந்து தெரியும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஸ்காபரோக்காரன்:

அண்ணா, அந்தச் சொந்தக்காரர்களில் என்னையும் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறா, இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. கனடாவுக்கு வரமாட்டா, கோயிலையும் சந்தையையும் விட்டு எங்கேயும் நகரமாட்டா. ஆகவே எனக்கு இது முதலீடு மட்டும் இல்லை.

உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நினைக்கிறேன். நியூயோர்க்கில் 57ஆம் தெருப் பக்கம் கோபுரத்துக்கு மேல் கோபுரமாக எழுப்புகிறார்கள், யாரும் யாரையும் தடுக்கவில்லை. அப்படியிருந்தும் 2019இல் கென் கிரிஃபின் என்ற முதலீட்டு நிதிக் கோடீஸ்வரர் 220 சென்ட்ரல் பார்க் சவுத் கட்டடத்தில் சுமார் 238 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கினார், அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வேண்டும் என்கிற பணக்காரர் இருந்தால் விலை ஏறும், அவ்வளவுதான். கொழும்பில் எங்களுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா, மே மாதத்தில் 360. அப்பா வங்கியில் ரூபாயில் வைத்த காசு அந்த இரண்டு மாதத்தில் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே காசை முன்பே தொடர்மாடியில் போட்டிருந்தார், இன்று அவர் டொலரில் விலை சொல்கிறார்.

வெள்ளவத்தையான்:

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் 57ஆம் தெரு என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. அந்த வீடுகளுக்கு முன்னால் 843 ஏக்கர் பூங்கா, அதில் ஒருவரும் தொடர்மாடி கட்டப்போவதில்லை. வடக்குப் பக்கத்து ஜன்னலுக்குத்தான் அந்த விலை. பக்கத்துக் கட்டடங்கள் எழுப்பாமல் விட்ட உயரத்தின் உரிமையையும் அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். சென்ட்ரல் பார்க் டவர் கட்டியவர்கள் பக்கத்தில் இருந்த பழைய ஓவியப் பள்ளி ஒன்றிடம் அப்படித்தான் ஆகாய உரிமை வாங்கினார்கள். உயரத்துக்கு விலை இருக்கிறது, அது யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்கிறது.

ரூபா பற்றி நீங்கள் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். அது பயத்தில் வரும் விலை, அதில் தப்பே இல்லை. ஆனால் டொலரில் விலை சொல்வது வேறு, டொலரில் வாங்க ஆள் வருவது வேறு.

பேரைவாவி:

நான் பேரை வாவிப் பக்கம் ஒரு உயர்மாடிக் கட்டடத்தின் முகாமைத்துவ அலுவலகத்தில் வேலை செய்கிறேன், பெயர் சொல்லமாட்டேன். இந்த இழையில் இதுவரை எல்லோரும் வாங்குகிற விலையைத்தான் பேசுகிறீர்கள். வாங்கிய பிறகு மாதாமாதம் போகிற காசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நியூயோர்க்கில் 432 பார்க் அவனியூ என்று ஒரு கட்டடம், 1,396 அடி உயரம், 2015இல் முடிந்தது. 2021இல் அங்கே வீட்டுச் சொந்தக்காரர்களே கட்டியவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். தண்ணீர்க் கசிவு, லிப்ட் நின்றுபோவது, காற்றடித்தால் சுவருக்குள் இருந்து வரும் சத்தம், 1,500க்கு மேல் குறைகள் என்று முறைப்பாடு. உலகின் மிகப் பெரிய பணக்காரர்கள் வாங்கிய இடத்திலேயே இந்த நிலை. உயரம் கூடக்கூட இயந்திரத்தை நம்பி வாழ்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. லிப்ட் ஓடாத 20ஆம் மாடி வீடு கயிறு இல்லாத கிணறு மாதிரி, இருக்கிறது ஆனால் பயன்படாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு போட்டார்களே, அப்போது டீசலுக்கு நாடே வரிசையில் நின்றது. ஜெனரேட்டரை எவ்வளவு நேரம் ஓட்டுவது, எல்லா லிப்டையும் ஓட்டுவதா ஒன்றை மட்டும் ஓட்டுவதா, குளிரூட்டிக்குக் கொடுப்பதா தண்ணீர்ப் பம்புக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தோம். மேல்மாடிகளில் வயதானவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மா ஒவ்வொரு காலையும் தொலைபேசியில் எடுத்து "பிள்ளை, இண்டைக்குக் கீழ இறங்கலாமா" என்று கேட்பா. லிப்டின் உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், காசு டொலரில் கட்ட வேண்டும், நாங்கள் ரூபாயில் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறோம். கடற்பக்கக் கட்டடம் என்றால் உப்புக் காற்று வேறு, குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் அலுமினிய ஜன்னல் சட்டமும் உள்நாட்டுக் கட்டடங்களைவிடச் சீக்கிரம் போய்விடும்.

பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள், ஆகவே பெரிய வீடு வாங்கினால் பூட்டி வைத்தாலும் பெரிய கட்டணம். இங்கேதான் உண்மையான தலைவலி. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பலர் வருடக்கணக்கில் கட்டுவதில்லை, "நாங்கள்தான் அங்கே இல்லையே" என்கிறார்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் கூரை இருக்கிறது, குழாய் இருக்கிறது, காவலாளிக்குச் சம்பளம் இருக்கிறது. ஸ்காபரோக்காரன் தம்பி, வாங்குவதற்கு முன் அந்தக் கட்டடத்தில் எத்தனை வீட்டார் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு கட்டடம் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மலர்:

பேரைவாவி அக்கா, இரவில் காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் அந்தப் பெரிய கட்டடங்களில் வெளிச்சம் உள்ள ஜன்னல்கள் ஏன் இவ்வளவு குறைவு? வாங்கிவிட்டார்கள் என்றால் ஆட்கள் எங்கே? நாங்கள் இங்கே மூன்று அறையில் இரண்டு குடும்பம் இருக்கிறோம், வாடகை ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்கவில்லை.

பேரைவாவி:

மலர், எல்லாம் வாங்கப்பட்டதும் இல்லை, வாங்கியவர்கள் எல்லாம் இங்கே இருப்பதும் இல்லை. சிலர் வருடத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு கிழமை தங்குவார்கள். சிலர் வாடகைக்குக் கொடுக்கக் காத்திருப்பார்கள், ஆனால் கேட்கிற வாடகையைக் கொடுக்க கம்பனிகளும் தூதரகங்களும் தவிர இங்கே ஆள் குறைவு.

இது கொழும்பின் நோய் மட்டும் இல்லை. வட லண்டனில் பிஷப்ஸ் அவனியூ என்ற தெரு, மாளிகைக்குப் பக்கத்தில் மாளிகை. 2014இல் கார்டியன் பத்திரிகை போய்ப் பார்த்தபோது அதன் மிக விலையுயர்ந்த பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் ஆளே இல்லை, சிலவற்றில் கூரை இடிந்து உள்ளே மரம் முளைத்திருந்தது. வீடு காசை வைத்துக்கொள்ளும் பெட்டியாக மாறிவிட்டால் அதில் குடியிருப்பது ஒரு தொந்தரவு ஆகிவிடுகிறது. நான் அந்த மாதிரி வீடுகளின் சாவியை வைத்திருப்பவள், மாதம் ஒருமுறை குழாயைத் திறந்துவிட்டு வருகிறோம். மனதுக்கு நல்லாக இல்லை.

நொத்தாரிசு கந்தோர்:

பல காலம் உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் கந்தோரில் இருந்தவன், இப்போது ஓய்வு. சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை, 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் உண்மையிலேயே கறுவா நட்ட இடம். பின்னால் ஆங்கிலேயர் அதைப் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரித்து வீட்டுக்காணி ஆக்கினார்கள். பார்ன்ஸ், ஹோர்ட்டன், வார்ட், கிரகரி, ரோஸ்மீட் எல்லாம் தேசாதிபதிகளின் பெயர்கள். எங்கள் ஆட்களும் அங்கே இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்' வார்ட் பிளேசில், அருணாசலத்தின் 'பொன்கிளார்' ஹோர்ட்டன் பிளேசில். 1959 செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டதும் ரோஸ்மீட் பிளேசில் இருந்த அவர் வீட்டில்தான். ஆகவே அந்தத் தெருக்களின் விலையில் நிலம் பாதி, அங்கே யார் இருந்தார்கள் என்ற நினைவு பாதி.

இப்போது வெள்ளவத்தையான் கேட்ட பாதுகாப்பு பற்றி. 1973இல் இரண்டு சட்டங்கள் வந்தன, இரண்டும் கொழும்பை மாற்றின. ஒன்று வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்டது, மிஞ்சியது அரசாங்கத்திடம் போனது, பல இடங்களில் குடியிருந்த வாடகைக்காரரே சொந்தக்காரர் ஆனார். மற்றது 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம், ஒரே காணியில் மாடிக்கு மாடி வேறு வேறு ஆளுக்கு உறுதி எழுதுவது அதன்கீழ்தான். லண்டனில் குரோவ்னர் மாதிரி ஒரு கையில் தெரு இருப்பது இங்கே நடக்கவில்லை. காணி பங்கு பங்காகப் பிரிந்தது, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் 20 பேர்ச்சை விற்றார்கள், வாங்கியவர் இடித்துக் கட்டினார். கொழும்பு 7இல் ஒரு பேர்ச் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. அந்த விலையில் பழைய வீட்டை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் பொருந்தும். காணியைச் சொந்தமாக வாங்க முடியாது, 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, முழுக் காசும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். சட்டம் 2018இல் திருத்தப்பட்டது, ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காசை உள்முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுக்கென்று வங்கியில் திறக்கும் தனிக் கணக்கு) வழியாகக் கொண்டு வாருங்கள், அப்போதுதான் பின்னால் விற்ற காசைத் திரும்பக் கொண்டுபோக வழி இருக்கும். மச்சானின் கணக்குக்கு அனுப்பிவிட்டு உறுதி எழுத வருபவர்களைக் கண்டு கண்டு அலுத்துவிட்டேன்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரலிலிருந்து 60 வீதம் மேலதிகத் தீர்வை. தன் மக்களுக்கு வீடு வேண்டும் என்று ஒரு அரசாங்கம் முடிவெடுத்தால் இப்படியும் செய்யலாம்.

கொம்பனித்தெருப் பிள்ளை:

எல்லோரும் வாங்குகிற பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் வளர்ந்த இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இன்று அல்டேயார், சினமன் லைஃப் என்ற சொகுசுக் கோபுரங்கள் நிற்கிற பக்கம் எல்லாம் கொம்பனித்தெருவும் அதன் ஓரமும். அல்டேயாரை வரைந்தது மோஷே சஃப்டி, அதில் ஒரு கோபுரம் மற்றதில் சாய்ந்து நிற்கிறது, 68 மாடி. சினமன் லைஃபை வரைந்தது எங்கள் ஊரில் பிறந்த செசில் பால்மண்ட். இரண்டும் அழகான கட்டடங்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே முன்பு வெறுங்காணி இருந்தது என்று விளம்பரத்தைப் பார்த்து நினைக்காதீர்கள். மலாய்க் குடும்பங்கள், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கல் அங்கே போகும். வீடு சின்னது, ஆனால் கோட்டைக்கு நடந்து போய் வேலை செய்யலாம், பிள்ளை பள்ளிக்கு நடந்து போகும். 2010 மே மாதம் மியூஸ் தெருவில் வீடுகளை இடித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஒழுங்கையாக. எனக்குத் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் வாடகை வீடுகளில் காத்திருந்த பிறகுதான் தொடர்மாடியில் ஒரு இடம் கிடைத்தது. வீட்டு வாசலில் இடியாப்பம் அவித்து விற்ற ஒரு அன்ரிக்கு 11ஆம் மாடியில் வீடு. வாசலே இல்லை, வியாபாரமும் இல்லை.

வெள்ளவத்தையான் அண்ணா சென்ட்ரல் பார்க்கைச் சொன்னீர்கள். அந்தப் பூங்காவுக்குள் செனகா கிராமம் என்று ஒன்று இருந்தது, பெரும்பாலும் கறுப்பினத்தவர், பலருக்குக் காணியும் வீடும் சொந்தம், தேவாலயமும் இருந்தது, சுமார் 225 பேர். 1857இல் அவர்களை எழுப்பினார்கள். பூங்கா எல்லையில் இருந்த மற்றவர்களையும் சேர்த்தால் சுமார் 1,600 பேர். ஹொங்கொங் மலையிலும் சட்டம் போட்டுத்தான் ஆட்களைத் தள்ளி வைத்தார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியென்றால் பக்கத்தில் என்ன நடக்காது என்பதற்குக் கொடுக்கும் காசு என்று நீங்கள் சொல்வதில், யார் இனி அங்கே இருக்கமாட்டார்கள் என்பதும் சேர்ந்துதானே வருகிறது? அதையும் எழுதுங்கள்.

வெள்ளவத்தையான்:

எழுதுகிறேன், நீங்கள் சொன்னது சரி. அந்தத் தெருக்களின் அமைதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வெளியேற்றம் இருக்கிறது. கொழும்பில் அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் நாம் இன்னும் கூடுதலாகப் பேச வேண்டும். அந்த அன்ரி இருந்த காணித் துண்டுக்கு இன்று பேர்ச் என்ன விலை என்று கணக்குப் போட்டால், அவ ஒரு கோடீஸ்வரி. காகிதம் இல்லாததால் அந்தக் கணக்கில் அவ வரவேயில்லை.

வரைபலகை:

கட்டடக்கலை படிக்கிறேன். கட்டடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன்.

கொழும்பின் மிக நல்ல வீடு எது என்று கேட்டால் நான் எந்தக் கோபுரத்தையும் சொல்லமாட்டேன். பகத்தலே வீதியில் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் சொந்த வீடு. ஒரு வரிசையில் இருந்த நாலு சின்ன வீடுகளை 1958இலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சுவரைத் திறந்து, இடையில் முற்றமும் சின்னத் தடாகமும் வைத்து ஒன்றாக்கினார். வெளியில் நின்று பார்த்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான். உள்ளே போனால் வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிறது, மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே மழை பார்க்கலாம். நம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த முற்றம் புதிதாகவே இருக்காது. குளிரூட்டி இல்லாமல் இந்த ஊரில் எப்படி வாழ்வது என்பதற்கு அதுதான் பதில், கண்ணாடிக் கோபுரம் அதற்கு நேர் எதிர்.

பாவா 1960களின் தொடக்கத்தில் அல்ஃபிரட் பிளேசில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் கதை உங்கள் விவாதத்துக்கு நேராக வருகிறது. நடு முற்றத்தைச் சுற்றி வீடு, உள்ளூர்க் கல், மரத் தூண், நாட்டோடு. இலங்கையின் நவீன வீடுகளில் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். காலப்போக்கில் காணியின் விலை வீட்டின் விலையை விழுங்கிவிட்டது, காணி வேறு தேவைக்குப் போனது. கடைசியில் வீட்டைக் கழற்றி, ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கையில் திரும்ப நிறுத்தினார்கள். காப்பாற்றியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இவ்வளவு காசு புழங்கும் நகரத்தில் அந்த வீடு நின்ற மண்ணிலேயே நிற்க முடியவில்லை என்பது எனக்கு ஆறாத வலி. லண்டனில் பழைய முன்சுவரைத் தொட அனுமதி வாங்க வேண்டும், அதனால்தான் அந்தத் தெரு விலை போகிறது. இங்கே விலை ஏறியதால் வீடு போகிறது.

ஸ்காபரோக்காரன்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. கொழும்பில் கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் சிட்டி பற்றி மட்டும் ஒரு கேள்வி. எனக்கு அனுப்பும் விளம்பரத்தில் "அடுத்த மொனாக்கோ, அடுத்த துபாய்" என்று போட்டிருக்கிறார்கள். இதில் ஏதாவது உண்மை உண்டா?

வெள்ளவத்தையான்:

அளவில் மொனாக்கோவையே தாண்டிவிட்டது, தம்பி. போர்ட் சிட்டி 269 ஹெக்டேர், மொனாக்கோ முழு நாடும் சுமார் 208. ஆனால் மொனாக்கோவில் அந்தச் சின்ன இடத்துக்குள் 38,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள், 1869இலிருந்து அங்கே குடியிருப்பவர்களுக்கு வருமான வரி கிடையாது, பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனத்தின் கணக்கில் 10 லட்சம் டொலருக்கு அங்கே 20 சதுர மீட்டர்கூட வராது, நம் ஊரில் அது ஒரு படுக்கையறை. கடலை நிரப்பி அவர்கள் 2024இல் திறந்த மாரெதெரா வெறும் 6 ஹெக்டேர். நிலம் மிகக் குறைவு, வர விரும்புகிறவர்கள் மிகக் கூடுதல், வரிச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டாக ஆடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மொனாக்கோவின் கடற்கரைத் தெருவான பிரின்செஸ் கிரேஸ் அவனியூவின் விலை.

போர்ட் சிட்டியை 2014 செப்டம்பரில் சீ ஜின்பிங் வந்து தொடக்கி வைத்தார், 2015இல் ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள், பிறகு மறுபடி தொடங்கி 2019இல் நிலம் நிரப்பி முடிந்தது, 2021இல்தான் அதற்கான ஆணைக்குழுச் சட்டம் வந்தது. ஏழு வருடத்துக்குள் இத்தனை திருப்பம். நிலம் 99 வருடக் குத்தகை. குத்தகை என்பதால் நான் பயப்படவில்லை, ஹொங்கொங்கில் ஒரு தேவாலயத்தைத் தவிர எல்லா நிலமும் குத்தகைதான். விதி அடுத்த தேர்தலிலும் அப்படியே இருக்குமா என்பதுதான் என் பயம், விலை அதில்தான் தங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்ப இருபது, முப்பது வருடம் எடுக்கும். எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றே அந்த முப்பது வருடத்துக்கும் சேர்த்து விலை கேட்டால்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு என்றால் நான் ஒளிக்காமல் சொல்வேன், 40ஆம் மாடியும் வேண்டாம், போர்ட் சிட்டியும் வேண்டாம். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ எட்டுப் பத்து வருடம் பழகிய, ஏழெட்டு மாடிக் கட்டடம் ஒன்று பாருங்கள். அந்த வயதில் கட்டடத்தின் குறைகள் எல்லாம் வெளியே வந்திருக்கும். மழைக்காலத்தில் ஒருமுறை யாரையாவது அனுப்பி மேல்மாடிக் கூரையையும் கீழ்த்தளக் கார்த் தரிப்பிடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளவத்தையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அந்த ஒழுங்கைக் கடைக்காரரே சொல்வார். கடல் தெரிய வேண்டும் என்றால் மரீன் டிரைவை நேராகப் பார்த்த வரிசையில் மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுங்கள், அங்கே முன்னால் வீதியும் தண்டவாளமும்தான்.

ஸ்காபரோக்காரன்:

அம்மாவிடம் கேட்டேன். கடல் தேவையில்லையாம், காலை வெயில் வர வேண்டுமாம், கோயில் மணி கேட்க வேண்டுமாம். ராமகிருஷ்ணா வீதிப் பக்கம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், நாலாம் மாடி, இரண்டு லிப்ட். பேரைவாவி அக்கா சொன்ன கட்டணப் பாக்கிப் பட்டியலைக் கேட்டேன், ஒரு கிழமை இழுத்தடித்துவிட்டு அனுப்பினார்கள். 32 வீட்டில் 5 வீட்டார் பாக்கி. இது பரவாயில்லையா?

பேரைவாவி:

நான் பார்த்தவற்றோடு ஒப்பிட்டால் நல்ல கட்டடம். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று நீங்கள் வாங்கப்போகும் வீடா என்று பாருங்கள், அப்படியென்றால் விற்பவர் பாக்கியைக் கட்டி முடித்த கடிதம் வந்த பிறகு முற்பணம் கொடுங்கள். பெரிய திருத்த வேலைக்கென்று ஒதுக்கிய நிதி தனி வங்கிக் கணக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லிப்ட் மாற்றும் காலம் வரும்போது அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய தொகை விழும்.

நொத்தாரிசு கந்தோர்:

தம்பி, அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டியது என்று மாநகரசபை தரும் பொருத்தச் சான்றிதழும் பதிவு செய்த தொடர்மாடித் திட்டப் படமும் இல்லாமல் கையெழுத்து வைக்க வேண்டாம், படத்தில் உள்ள மாடிகளும் நிற்கிற மாடிகளும் ஒன்றா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சோலை வரி (மாநகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி) கடைசிக் காலாண்டு வரை கட்டிய பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். நீங்கள் வரமுடியாவிட்டால் அற்றோர்னித் தத்துவத்தை (உங்களுக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அங்குள்ள நம் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் அதை முதலில் சரிசெய்யுங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் கோப்புகளில் பாதி அந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நிற்கின்றன.